சிலுவை விழுந்த மூடி

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்த பிறகு, மறைக்கல்வி அறையில் கூடியிருந்தவர்கள்:

பங்குத்தந்தை இனிகோ சாமி. வயது முப்பத்து நான்கு. இந்தப் பங்குக்கு வந்து எட்டு மாதம். மதியம் ஏரியூர் பக்கம் ஒரு வீடு மந்திரிப்பு இருந்ததால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்.

ஜேக்கப். பங்குப் பேரவைச் செயலர். ஒகேனக்கல் ரோட்டில் பத்து அறை லாட்ஜ் வைத்திருப்பவர். அதை ரிசார்ட் என்று சொல்லாவிட்டால் முகம் சுருங்கும்.

ஸ்டெஃபி. ஜேக்கப்பின் மனைவி. பேரவையில் உறுப்பினர் இல்லை. ஆனாலும் முதல் வரிசை.

தெரசா. ஸ்டெஃபியின் அக்கா. இவளும் உறுப்பினர் இல்லை. தங்கைக்குத் துணை என்றாள்.

உபதேசியார் சின்னப்பன். கூட்டக் குறிப்பு எழுதுகிறவர். பேசுவதில் பாதி காதில் விழாது. விழுந்த பாதியை எழுதுவார்.

பேரவை உறுப்பினர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஒரே முகத்தை மாட்டிக்கொண்டு வந்திருந்ததால் பெயர் தேவையில்லை.

பாக்கியமேரி. அப்பம் சுடுகிறவள். குறிப்பேட்டில் கடைசிப் பெயர். அவளுக்கு நாற்காலி போடவில்லை. சுவரோரம் நின்றாள்.

விஷயம் ஒன்றுதான். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அப்ப அறையில் இனிமேல் பாக்கியமேரி வேலை செய்யலாமா, கூடாதா. பதினோரு வருடமாக அந்த அறையில் மாவு கரைத்து, மெஷினில் ஊற்றி, சுட்டு, வட்டம் வட்டமாக வெட்டி, இந்தப் பங்குக்கும் சுற்றியுள்ள ஆறு பங்குகளுக்கும் நற்கருணை அப்பம் கொடுத்து வந்தவள் அவள்தான். புருஷன் ஓசூரில் கம்பெனி வேலை. வந்தால் வருவான். நிலம் கிடையாது, பத்தாவதுக்கு மேல் படிப்பும் கிடையாது. உள்ளே வந்து என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்காத ஓர் அறை மட்டும் அவளுக்கு இருந்தது. அதைத்தான் இன்று பிடுங்கப் பார்த்தார்கள்.

குற்றம் இது: அப்பம் சுடுகிற மெஷினில் காப்பிக் குப்பிக்கு மூடி செய்தாள்.

இது விளங்க வேண்டுமென்றால் ஜேக்கப்பின் கஞ்சத்தனத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போன வருடம் பெங்களூரில் மூடிப்போன ஓட்டல் ஒன்றிலிருந்து பத்து காப்பி மெஷின்களை அவர் அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு தடவைக்கு ஓர் ஆளுக்கு மட்டும் காப்பி போடுகிற சின்ன மெஷின். காப்பித்தூள் அடைத்த அலுமினியக் குப்பி ஒன்றை உள்ளே போட்டு, கைப்பிடியை அமுக்கி, பொத்தானைத் தட்டினால் ஊசி குத்தும், சுடுதண்ணீர் பாயும், நுரையோடு காப்பி இறங்கும். ஒரு குப்பி ஒரு காப்பிக்கு. அதோடு அது குப்பை. ஜேக்கப் அதைக் கேப்சூல் என்பார். ஸ்டெஃபி பாட் என்பாள். பாக்கியமேரிக்கு அது குப்பிதான்.

அறைக்கு ஒரு மெஷின் வைத்து, போட்டோ எடுத்துப் போட்டு, வாடகையையும் ஏற்றினார் ஜேக்கப். பெங்களூரிலிருந்து அருவி பார்க்க வருகிறவர்கள் அருவியில் அரைமணி நேரம் நின்றுவிட்டு, அறைக்கு வந்து அந்தப் பொத்தானையே அமுக்கிக்கொண்டிருந்தார்கள். மெஷினோடு வந்த குப்பிகள் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிட்டன. புதுக் குப்பியின் விலையைப் பார்த்த அன்று ஜேக்கப் ராத்திரி சாப்பிடவில்லை. ஒரு குப்பியின் காசுக்குப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் மூன்று பேர் காப்பி குடித்து வடையும் தின்னலாம்.

ஸ்டெஃபி ஒரு வாரம் போனைத் தடவி, ஆன்லைனில் மலிவாக ஒரு பெட்டி பிடித்தாள். வந்தது. அது வேறு ஜாதி மெஷினுக்கான குப்பி, தட்டையாக, குடை மாதிரி. விற்றவன் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டான். ஜேக்கப் விடவில்லை. ஒன்றை உள்ளே திணித்து அமுக்கினார். கைப்பிடி கையோடு வந்தது. பத்து மெஷின் ஒன்பதானது.

அதற்குப் பிறகுதான் ஸ்டெஃபி அப்ப அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பை. பை நிறையக் குத்துப்பட்ட காலிக் குப்பிகள்.

"அக்கா, உங்க கையி சுத்தம். இத ரொப்ப முடியுமா பாருங்களேன்."

"என்னா இது, கண்ணு மருந்து டப்பா மாதிரி?"

"காப்பிக்கா. மேல இருக்கற மூடிய உரிச்சிட்டு, கழுவி, தூளு போட்டு, வேற மூடி ஒட்டணும். அவ்ளோதான்."

"அவ்ளோதான்னா நீயே செய்யேன்."

"எனக்கு எங்கக்கா பொறும இருக்குது?"

பாக்கியமேரிக்குப் பொறுமை இருந்தது. அதை நல்ல குணம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வேலையைத் தோற்கவிடக் கூடாது என்கிற வீம்பு அது. குப்பிகளைச் சுரண்டினாள், கழுவினாள், வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தாள். ஊசி குத்திய அடிப்பக்கத்தை அப்படியே விட்டாள். பழைய ஓட்டையிலேயே ஊசி மறுபடி இறங்கும் என்று கண்டுபிடித்தது அவள்தான். முதலில் வீட்டுக் காப்பித்தூளைப் போட்டாள். மெஷின் கத்தி, தும்மி, இரண்டு சொட்டு விட்டு நின்றது. தருமபுரியில் தூள் அரைத்து விற்கிற நிசார் அகமது பாய் கேட்டதும் சிரித்தார்.

"சிக்கரி கலந்த தூள ஊசி வழியா தள்ளுனா எப்படிம்மா போவும்? அது பாகு மாதிரி ஆயிரும். கலப்பில்லாம தர்றேன். ஃபில்டருக்கு அரைக்கறத விடக் கொஞ்சம் நைசா. யாருக்கும்மா இது?"

"யாருக்கோங்க பாய்."

மூடிக்குத் தயிர்க் கப்பின்மேல் ஒட்டுகிற அலுமினியத் தாள். அதுவும் தருமபுரியில் சுருளாகக் கிடைத்தது. வீட்டில் உட்கார்ந்து கத்தரியால் வெட்டி, இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஓரம் சுற்றித் தேய்த்தாள். தாள் சுருண்டுகொண்டே இருந்தது. வெட்டிய வட்டம் வட்டமாக இல்லை. பத்தில் நாலு ஒழுகியது. ஒழுகியதற்கு ஜேக்கப் ஒன்றும் கொடுக்கமாட்டார்.

ஒரு நாள் அவரே அப்ப அறைக்குள் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வந்தார். மெஷினைச் சுற்றிப் பார்த்தார். கீழே ஒரு இரும்புத் தட்டு, மேலே ஒரு இரும்புத் தட்டு. மேல் தட்டில் வரிசை வரிசையாகச் சிலுவை வெட்டியிருக்கும். நடுவில் மாவு ஊற்றி மூடினால் சிலுவை பதிந்த தாளாக வேகும். பக்கத்தில் அதை வட்டமாக வெட்டுகிற எஃகுக் குழாய். ஜேக்கப் குழாயை எடுத்து ஒரு குப்பியின் வாய்மேல் வைத்தார். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது.

"பாக்கியம், இத வெச்சிக்கிட்டா நீ வூட்ல கத்தரிக்கோல் புடிச்சிட்டு இருக்கற?"

"இது கோயில் சாமானுங்கண்ணா."

"நாந்தானே செயலரு. யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கவில்லை. ஒரு மாதம் நன்றாகத்தான் நடந்தது. லேசான சூட்டில் தாளை மெஷினில் வைத்து அமுக்கினால் சுருள் போய்க் காகிதம் மாதிரி படுத்துக்கொள்ளும். மேல் தட்டில் சிலுவை பதியாமலிருக்கப் பழைய காலண்டர் அட்டை ஒன்றை இடையில் கொடுப்பாள். பிறகு குழாய். தட், தட், தட். ஒன்றுபோல மூடிகள் விழும். ஒன்றுகூட ஒழுகவில்லை. ஜேக்கப் வாயிலிருந்து "பரவால்லியே" என்று ஒரு சொல் வந்தது. அந்த ஊரில் அது பெரிய சொல்.

தப்பு நடந்தது குருத்து ஞாயிறுக்கு முந்தைய வாரம். புனித வாரத்துக்கு ஏழு பங்குகளுக்கும் சேர்த்து இரண்டு மடங்கு அப்பம் வேண்டும். பள்ளிக்கூடம் லீவு விட்டு லாட்ஜில் கூட்டம், ஸ்டெஃபிக்கு இருநூறு குப்பி வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில். காலை அப்பம், மத்தியானம் மூடி, மறுபடி அப்பம். ஒரு மத்தியானம் அட்டை கொடுக்க மறந்துவிட்டாள். கவனித்தபோது நூற்றிருபது மூடி ஒட்டியாகிவிட்டது. உரித்தால் குப்பி விளிம்பு கெடும். காப்பி குடிக்கிறவன் மூடியையா பார்க்கப் போகிறான் என்று அனுப்பிவிட்டாள். அது அவள் தப்பு. அதை அவள் யாரிடமும் மறுக்கவில்லை.

காப்பி குடிக்கிறவன் மூடியைப் பார்த்தான். பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்த ஆள். வெள்ளி மூடி, நடுவில் சிலுவை. படம் எடுத்து, லாட்ஜுக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டு, 'இங்கே காப்பிகூட ஆசீர்வதிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போனான். நல்ல மனசோடுதான் எழுதினான். அந்தப் படம் மூன்றாம் நாள் பங்கின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. நாலு முனையிலும் புள்ளி வைத்த சிலுவை. வாராவாரம் நாக்கில் வாங்குகிறவர்களுக்கு அடையாளம் தெரியாதா?

சனிக்கிழமை காலை ஸ்டெஃபி பாக்கியமேரியின் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அக்கா, நாளைக்கி கூட்டம். கேட்டா நீங்களா செஞ்சதுன்னு சொல்லிருங்க."

"நானா செஞ்சேன்? உங்க வூட்டுக்காரரு வந்து குழாய எடுத்து வெச்சிப் பாத்தாரே, அது?"

"அவரு பேரு வந்தா செயலர் போஸ்ட்டு போவும். அவரு போயிட்டா உங்களுக்குப் பேச யாரு இருக்காங்க சொல்லுங்க? மூணு மாசம் ஒதுங்கி இருங்க. ஊரு வாயி ஓஞ்சதும் அவரே உங்களத் திரும்ப உள்ள உக்கார வெப்பாரு."

"இத அவரு சொன்னாரா, நீ சொல்றியா?"

"ரெண்டும் ஒண்ணுதானக்கா."

பாக்கியமேரி சரி என்றாள். நம்பி அல்ல. வேறு வழி தெரியாமல்.

இப்போது சுவரோரம் நின்றுகொண்டு அந்தச் சரியை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தாள். உறுப்பினர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"பெரிய வியாழன் அன்னிக்கே எனக்குத் தெரியுமுங்க சாமி. வாங்கி வாயில வெச்ச ஒடனே காப்பி வாசம்."

"உங்களுக்கு வாசம். எனக்கு ஒரே கசப்பு."

"எங்க வூட்டுக்காரருக்கு பிபி. டாக்டர் காப்பியே ஆகாதுன்னுருக்காரு. இவ அப்பத்துலயே குடுத்துருக்கா."

"அந்த மெஷின்ல காப்பித்தூளே போடலைங்க," என்றாள் பாக்கியமேரி. "மூடிதான் செஞ்சேன். தூளு என் வூட்ல ரொப்புனது."

"பேச்சப் பாரு," என்றாள் தெரசா. "செய்யறதையும் செஞ்சிட்டு வெளக்கம் வேற."

இனிகோ சாமி கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நிமிசம். பூசையில எழுந்தேற்றம் ஆகி நற்கருணையா மாறற வரைக்கும் அது மாவுதாங்க. மெஷினும் இரும்புதான். இதுல தெய்வ நிந்தனைன்னு பெரிய வார்த்த எல்லாம் வேண்டாம்."

"அப்ப அதுல ஆம்லெட் போடலாமுங்களா சாமி?" என்றார் பின்வரிசை ஆள் ஒருவர்.

சிலர் சிரித்தார்கள். சாமி சிரிக்கவில்லை. உபதேசியார் சின்னப்பன் தலை நிமிர்ந்து, "ஆம்லெட்டு யாரு போட்டது?" என்று கேட்டு எழுதப் போனார். பக்கத்திலிருந்தவர் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

ஜேக்கப் எழுந்தார். வெள்ளைச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். கோர்ட்டில் வக்கீல் நிற்கிற மாதிரி அவளுக்கு எதிரே நின்றார்.

"பாக்கியம், யாரு சொல்லி செஞ்ச?"

"யாரும் சொல்லல. நானாதான் செஞ்சேன்."

"நம்ம லாட்ஜிக்கு..." தன் வாயாலேயே லாட்ஜ் என்றுவிட்டார். "ரிசார்ட்டுக்கு அது எப்படி வந்துது?"

"நீங்க காலிக் குப்பி குடுத்தீங்க. நான் ரொப்பிக் குடுத்தேன்."

"எங்க வெச்சி செய்யறன்னு எனக்குத் தெரியுமா?"

அவள் ஸ்டெஃபியைப் பார்த்தாள். ஸ்டெஃபி கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது."

"எல்லாரும் கேட்டுக்குங்க. நான் ஒரு ஏழப் பொம்பளைக்கி ரெண்டு காசு வரட்டும்னு குடுத்தேன். கடசில எம் பேரு நாறுது. பெங்களூர்க்காரன் வந்து எங்கிட்ட கேக்கறான், இன்னும் ரெண்டு ஹோலி காப்பி கெடைக்குமான்னு. நான் மூஞ்ச எங்க வெச்சிக்கறது?"

ஏழைப் பொம்பளை என்ற சொல்லையும் பாக்கியமேரி முழுங்கினாள். மூன்று மாதம். பதினோரு வருடத்தில் மூன்று மாதம் ஒன்றுமில்லை.

"தண்டனைன்னு நான் சொல்லல சாமி," என்றார் ஜேக்கப், குரலை இறக்கி. "ஒரு மூணு மாசம் ஒதுங்கி இருக்கட்டும். அதுவரைக்கும் அப்பம் நிக்கக் கூடாது பாருங்க. தெரசா சும்மாதான் இருக்கறாங்க. அவுங்க பாத்துக்குவாங்க. எம் பொண்டாட்டியோட அக்காங்கறதுக்காகச் சொல்லல."

அதற்காகத்தான் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒன்பது தலைகள் ஆடின.

"அப்ப முடிஞ்சிது," என்று சாமி கடிகாரத்தைக் கையில் எடுத்தார். "பாக்கியமேரி, தெரசாவுக்கு மெஷின எப்படி ஓட்டறதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடுத்துருங்க. புதன்கெழமைக்குள்ள மூணு பங்குக்கு அனுப்பணும்."

தெரசா எழுந்து சுவரோரம் வந்தாள். புதுப்புடவை மொடமொடத்தது. கூட்டம் கலையத் தொடங்கி, நாற்காலிகள் இழுபட்டுக்கொண்டிருந்தன.

"சொல்லு."

"மாவு தோச மாவ விடத் தண்ணியா இருக்கணும். உப்பு, சோடா எதுவும் போடக் கூடாது. தட்டு காஞ்சதும் ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சிப் பாருங்க. உருண்டு ஓடுனா ஊத்தலாம். வெட்டறதுக்கு முன்ன ஒரு ராத்திரி ஈரத்துணியில சுத்தி வெக்கணும். இல்லாட்டி ஒடயும்."

"செரி, செரி." தெரசா இன்னும் நெருங்கி வந்தாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். "அப்பத்துக்கு சொல்லிட்ட. அதுக்கு எவ்ளோ சூடு வெக்கணும்?"

"எதுக்கு?"

"அதுக்குதான். அட்டை எத்தன குடுக்கணும்? பாய் கடையில எந்தத் தூளுன்னு கேக்கணும்?"

பாக்கியமேரி அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம்கூட இல்லை. சமையல் குறிப்புக் கேட்கிற முகம். காலண்டர் அட்டை விஷயம் வெளியில் யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவை ஸ்டெஃபி கேட்டபோது சொல்லியிருந்தாள்.

ஆக, குப்பி நிற்கப் போவதில்லை. அவள் மட்டும்தான் நிற்கப் போகிறாள். கோயில் மெஷின் இனி ஜேக்கப் வீட்டுக்குள் வந்த மாதிரி. ஸ்டெஃபியின் அக்கா மூடி வெட்டுவாள், கூலி என்று யாருக்கும் எதுவும் தர வேண்டாம். உலகத்திலேயே மலிவான குப்பி அவருக்குக் கிடைத்துவிட்டது. மூன்று மாதம் கழித்து இந்தப் பொம்பளையை எதற்குத் திரும்பக் கூப்பிடுவார்?

அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். ஸ்டெஃபி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் நாற்பதுக்கு மேல் இருக்கும். அழிக்க வேண்டும் என்று தோன்றியதில்லை. விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். தேடும்போதே ஒன்று நன்றாகத் தெரிந்தது. இதைப் போட்டால் அந்த அறை அவளுக்குக் கிடையாது. நானாகச் செய்தேன் என்று இப்போதுதான் சாமி முன்னால் பொய் சொல்லியிருக்கிறாள். பொய் சொன்னவள் கையில் அப்ப அறையைத் தரமாட்டார்கள். போடாவிட்டாலும் கிடையாது. ஆனால் கிடையாது என்பதில் இரண்டு வகை உண்டு. அவளுக்கு மட்டும் கிடையாது என்பது ஒன்று. எவருக்கும் கிடையாது என்பது இன்னொன்று.

"சாமி, ஒரு நிமிசம். இதையும் கேட்டுட்டுப் போங்க."

போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். ஸ்டெஃபியின் குரல் மறைக்கல்வி அறை முழுக்கக் கேட்டது.

'அக்கா, வூட்ல வெட்டுனது திரும்ப ஒழுகுதாம். அவரு கத்தறாரு. கோயில் மெஷின்லயே போடச் சொல்லு, நான் இருக்கற வரைக்கும் அங்க எவன் கேப்பான்னு சொல்றாரு. அப்பம் நாளைக்கிக்கூட சுட்டுக்கலாம், ஜனங்க எங்க போயிருவாங்க, மொதல்ல நம்மளுத முடிங்கக்கா.'

நாற்காலி இழுபடுகிற சத்தம் நின்றது.

"இது எப்பத்த மெசேஜ்?" என்றார் சாமி.

"மாசி மாசம் சாம்பல் புதனுக்கு மறுநாளுங்க."

"பொம்பளயோட வாய்ஸ வெச்சி மெரட்டறியா?" ஜேக்கப் முன்னால் பாய்ந்தார். "இது எடிட்டு பண்ணது. இப்பல்லாம் போன்ல எத வேணா பண்றானுங்க."

"எடிட்டு பண்ணத் தெரிஞ்சா நான் எதுக்குங்கண்ணா உங்களுக்குக் குப்பி கழுவறேன்?"

"ஏய், நன்றி கெட்டவளே..."

"ஜேக்கப்," என்றார் சாமி. "ஸ்டெஃபி, இது உங்க குரல்தானே?"

ஸ்டெஃபி ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "ஃபாதர், நான் ஒரு ஃப்ளோல சொல்லியிருப்பேன். ஜனங்கள அப்டி ஒண்ணும் மீன் பண்ணல."

ஜனங்கள் இப்போது திரும்பினார்கள். காப்பி வாசம் பிடித்தவரும் கசப்பு பிடித்தவரும் ஜேக்கப்பைப் பார்த்தார்கள். பிபிக்காரரின் மனைவிக்கு மட்டும் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறி முறைத்தாள்.

"மெஷின் இரும்புதான்னு நீங்கதானே சாமி சொன்னீங்க?" என்றார் ஜேக்கப். "இரும்புல ரெண்டு மூடி வெட்டுனா என்னாங்க குத்தம்?"

"பத்து நிமிசம் முன்ன உங்க மூஞ்ச எங்க வெச்சிக்கறதுன்னு கேட்டீங்க. இப்பக் குத்தமே இல்லையா?" சாமிக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. கோபம் வந்தால் காது சிவக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. "பாக்கியமேரி, நீங்களும் எங்கிட்டயே பொய் சொல்லியிருக்கீங்க."

"ஆமாங்க."

"ஏன்?"

"அறையத் திருப்பித் தர்றேன்னாங்க."

"இப்ப ஏன் உண்மையச் சொல்றீங்க?"

"தரமாட்டாங்கன்னு தெரிஞ்சிது."

சாமிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மனம் வருந்தியவள் சொல்கிற பதில் இல்லை அது. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே பேசினார்.

"இனி இந்த ஊர்ல அப்பம் சுட வேண்டாம். நீங்களும் வேண்டாம், தெரசாவும் வேண்டாம். தருமபுரி கன்னியர் மடத்துலருந்து வாங்கிக்கலாம். மெஷினும் அங்கயே போவட்டும். செயலர் பதவியப் பத்தி ஆயருக்கு எழுதறேன். உபதேசியாரே, எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டேங்க சாமி. ஆம்லெட்ட மட்டும் உட்டுட்டேன்."

அறையைக் காலி செய்ய அவளுக்குக் கால்மணி நேரம் கிடைத்தது. சாமி வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் ஜேக்கப், ஸ்டெஃபி, தெரசா. பின்னால் ஊர். பாக்கியமேரி யாரையும் பார்க்கவில்லை. மாவு டப்பாவை மூடினாள். நேற்றுச் சுட்டு ஈரத்துணியில் சுற்றியிருந்த தாள்களை என்ன செய்வது என்று கேட்டாள். மடத்துக்கு அனுப்பலாம் என்றார் சாமி. அவை உடையும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. மெஷினின் மேல் தட்டை எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்தாள், பழக்கத்தில்தான். தன்னுடைய டம்ளரையும் ஒரு பழைய ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டாள். பதினோரு வருடத்தில் அவளுடையது என்று அங்கே வேறு எதுவும் இல்லை.

"ஃபாதர்," என்றாள் ஸ்டெஃபி. "உள்ள எங்க பாட் இருக்குது. எண்பது. இன்னிக்கி மத்தியானம் கெஸ்ட் வர்றாங்க."

"எங்க இருக்குது?"

"அந்த அலமாரில, நீலக் கூடையில. நான் போயி எடுத்துட்டு வந்துர்றேன்."

சாமி வழி விடவில்லை. "அக்கா, நீங்களே எடுத்துக் குடுத்துருங்களேன்," என்றாள் ஸ்டெஃபி பாக்கியமேரியிடம். அக்கா என்கிற சொல் எங்கேயும் இடிக்காமல் அவள் வாயிலிருந்து வந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இவளைத் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தவள்.

பாக்கியமேரி அலமாரியைத் திறந்தாள். கூடை இருந்தது. அட்டை கொடுத்து வெட்டிய நல்ல மூடிகள், ஒன்றிலும் சிலுவை இல்லை. ஒழுகாது. போன வியாழக்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்து ஒட்டி, கொடுத்தனுப்ப இங்கே கொண்டுவந்து வைத்தவை. கூடையைத் தொட்டாள். அலமாரியை மூடினாள். வெறுங்கையோடு வாசலுக்கு வந்தாள்.

"இது கோயில் மெஷின்ல வெட்டுன மூடி. கோயிலுதுதானே சாமி?"

சாமி அவளையும் ஸ்டெஃபியையும் பார்த்தார். ஏரியூருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றார்.

"தூளு எங்க காசு!" என்றார் ஜேக்கப்.

"மூடிய உரிச்சித் தூள வேணா எடுத்துக்குங்க. எனக்கு ஆட்சேபண இல்ல," என்றாள் பாக்கியமேரி. "மெஷினோட அதுவும் மடத்துக்குதான் போவும். அங்க போயி கேளுங்க."

"நீ இந்த ஊர்ல எப்படி இருக்கறன்னு நான் பாக்கறேன்."

"பாருங்க. இனி எனக்கும் வேலையில்ல."

அவள் படியிறங்கினாள். டம்ளர் ஸ்வெட்டருக்குள் சுற்றியிருந்தது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கூட்டம் அவளுக்கு வழி விட்டது, மரியாதைக்கு இல்லை, உரசிவிடாமலிருக்க. பின்னால் ஸ்டெஃபி, "ஃபாதர், ஒரே நிமிசம், ப்ளீஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாமி கதவை இழுத்துச் சாத்தினார். கொக்கியில் பூட்டை மாட்டி அமுக்கினார். பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.